ஆறு மாதம் வைத்த எண்ணெய்

புதன்கிழமையும் நோபேட் நாலே முக்காலுக்கு எழுந்தான். குழாயில் தண்ணீர் ஐந்தரை வரைதான் நிற்கும். இரண்டு வாளிகளையும் நீலப் பிளாஸ்டிக் பரலையும் நிரப்பினான். சவரம் செய்தான். குளித்தான். குசினியில் மனைவி செலீன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். அவன் அலுமாரியிலிருந்து போத்தலை எடுத்து ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை அளந்து வெறும் வயிற்றில் விழுங்கினான். அவளுக்கான ஒரு கரண்டியைக் கிண்ணத்தில் ஊற்றி மூடிவைத்தான். அவள் பிறகு குடிப்பாள். எண்ணெயில் லேசாக வர்ணப்பூச்சு வாடை அடித்தது. மூன்று நாளாகவே அடித்தது. அவன் யாருக்கும் சொல்லவில்லை. பாணும் முட்டையும் தின்றான். சோற்றுப் பெட்டியைப் பையில் வைத்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் கோட்டைக்கும், கோட்டையிலிருந்து ரெயிலில் இரத்மலானைக்கும் போனான். கடல் பக்கத்தில் இருக்க இடம் கிடைத்தது.

பத்து இருபதுக்கு ஆய்வுகூடத்துத் தொலைபேசி அடித்தது. பக்கத்து வீட்டு ருக்கியா.

"தம்பி, செலீன் புள்ள குசினிக்குள்ள உழுந்து கெடக்குது. கூப்பிட்டா பேச்சில்ல. கெதியா வாங்க."

அவன் வந்து சேர்ந்தபோது செலீனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அவளுக்கு முப்பத்தொரு வயது.

வீட்டில் நடந்த திடீர் மரணம். ஆகவே வியாழன் காலை பிரேதப் பரிசோதனை நடந்தது. அதன்பின் மரண விசாரணை அதிகாரி ஒரு சிறிய அறையிலிருந்து குடும்பத்தை உள்ளே கூப்பிட்டார். வயதானவர். சிங்களத்தில் கேட்டார். நோபேட் சிங்களத்தில் பதில் சொன்னான். என்ன வேலை? எண்ணெய்த் தொழிற்சாலையில் இரசாயனவியலாளர். திருமணமாகி எத்தனை வருடம்? நாலு. பிள்ளைகள்? இல்லை. காலையில் சண்டை ஏதும்? இல்லை. என்ன சாப்பிட்டாள்? நான் போன பிறகுதான் சாப்பிடுவாள்.

அதிகாரி பேனையை நிமிர்த்திப் பிடித்தார்.

"அந்திமட்ட மொனவத கிவ்வே?"

கடைசியாக என்ன சொன்னாள். நோபேட் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தான். இரண்டாயிரத்து எட்டு, ஓகஸ்ட். கவனமாகப் போய்வரச் சொன்னாள் என்றான். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். அது பொய்.

அடுத்துச் செலீனின் தாய், மாமி றஞ்சிதத்திடம் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது இருதய வருத்தம் உண்டா?

"நே, மாத்தயா," இல்லை ஐயா என்றாள் மாமி. கேள்வி முடியுமுன்னே சொன்னாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற செலீனின் சித்தப்பா யேசுரட்ணம் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

இருதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று அடைபட்டிருந்தது. இயற்கை மரணம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். வெளியே வந்ததும் மாமி வராந்தாவில் நின்றாள்.

"முப்பத்தொரு வயசில குழாய் அடைபடுமோ, தம்பி? நீங்கள் படிச்சனீங்கள்தானே. சொல்லுங்கோ."

"படலாம், மாமி."

"எதால?"

மாமி அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதால் என்று அவனும் நேற்று முழுக்க யோசித்திருந்தான்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதி எண்ணெயிலிருந்தும் ஒரு போத்தலை எடுத்து ஆறு மாதம் வைப்பார்கள். கடைக்காரன் யாராவது முறைப்பாடு சொன்னால் எடுத்துப் பார்ப்பதற்கு. ஆறு மாதம் கழிந்தால் அது கழிவு. கழிவை ஆய்வுகூடத்து ஆட்கள் லேபலைக் கிழித்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நோபேட் இரண்டு வருடமாகக் கொண்டுபோனான். அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தான்.

தின்கிற கொழுப்புத்தான் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும் மென்சவ்வாகிறது என்று அவன் வாசித்திருந்தான். சீக்கிரம் பழுதாகிற கொழுப்பைத் தின்றால் சவ்வும் சீக்கிரம் பழுதாகும், கலம் சீக்கிரம் கிழடாகும். நீண்டகாலம் வாழும் பிராணிகளின் சவ்வில் பழுதாகும் கொழுப்புக் குறைவு. எலிகளுக்கு விதம்விதமான கொழுப்பைக் கொடுத்து எது எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்த்திருந்தார்கள். ஒரு கட்டுரை சொன்னதை மற்றக் கட்டுரை மறுத்தது. செலீனிடம் அவன் தனக்குப் பிடித்த கட்டுரைகளை மட்டும் சொன்னான். கொப்பித்தாளில் கலத்தைக் கீறிக் காட்டினான். தேங்காயெண்ணெயை நிறுத்தினான். அது பழுதாவது குறைவுதான். ஆனால் இருதயக் குழாய்களுக்கு ஆகாது என்று இன்னொரு பக்கத்தார் எழுதியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே, ஒலெயிக் அமிலம் கூடிய ஒரு வகைச் சூரியகாந்தி எண்ணெயைத் தெரிந்தெடுத்தான்.

செலீன் கன்னத்தில் கைவைத்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"கடைசியில அந்த எலி எத்தினை வருசம் இருந்தது?"

"மூண்டு வருசத்துக்குக் கிட்ட."

"மூண்டு வருசம் இருக்கிறதுக்கோ அது பொரியல் இல்லாமக் கிடந்தது? பாவம்."

"எழுபது வயசில ரெண்டு பேரும் கோல்பேஸ் கடற்கரையில நடக்கேக்க இதைச் சொல்லிச் சிரிப்பம்," என்றான் அவன்.

ஒரு போத்தலைக் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. பேர் இல்லாத போத்தலும் தமிழ்ப் பேர் உள்ள அடையாள அட்டையுமாக ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நின்றான். மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார்கள். மே மொகத்த? இது என்ன? தெல், மாத்தயா. எண்ணெய், ஐயா. ஒருமுறை ஒருவன் விரலில் தொட்டு நக்கியும் பார்த்தான். அதையும் செலீனுக்குச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. "இதுக்காகவே ஒரு நாளைக்குப் பிடிச்சுக்கொண்டு போகப்போறாங்கள்," என்றாள்.

வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் ஒவ்வொரு போத்தலையும் அவன் சோதிப்பான். எண்ணெய் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று ஒரு எண் வரும். எண் கூடினால் ஊற்றிவிடுவான். ஜூலை மாதம் மட்டும் சோதிக்கவில்லை. அந்த வாரம் சோதனைக்கான கரைசல் முடிந்திருந்தது. அந்த வகை எண்ணெயும் தட்டில் இல்லை. இருந்தது சாதாரணச் சூரியகாந்தி, சீக்கிரம் பழுதாகி வர்ணப்பூச்சு வாடை அடிக்கிற சாதி. வெறுங்கையோடு போக மனமில்லாமல் அதில் ஒன்றை எடுத்தான்.

ஒரு போத்தல் பழைய எண்ணெய் ஒரு மாதத்தில் யாருடைய குழாயையும் அடைக்காது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பிரயோசனம் இருக்கவில்லை.

வியாழன் மாலை மலர்ச்சாலையிலிருந்து பிரேதப் பெட்டியைக் கொண்டுவந்து முன் அறையில் வைத்தார்கள். செலீனுக்குக் கல்யாணச் சேலை உடுத்தியிருந்தார்கள். உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தார்கள். அவள் சாயம் பூசுவதில்லை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் குசினிக்கு யாரும் போகவில்லை. மாமி மட்டும் போனாள். அலுமாரிக் கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டு நோபேட் எழுந்து போனான்.

மாமியின் கையில் போத்தல் இருந்தது. பாதிக்கும் குறைவாக எண்ணெய்.

"இது என்ன, தம்பி? பேரும் இல்லை, ஊரும் இல்லை."

"எண்ணெய், மாமி."

"எண்ணெய் எண்டு எனக்கும் தெரியுது. எந்தக் கடையில வாங்கினது?"

"கடையில இல்லை. பக்டரியில எடுத்தது."

"எடுத்ததோ? எறியிறதைப் பொறுக்கினதோ?"

மாமி மூடியைத் திறந்து மணந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"பெயின்ற் மணக்குது. பிள்ளை என்னட்டச் சொன்னவள். 'அவர் கரண்டியால அளந்துதான் தாறார் மம்மி' எண்டு. வெள்ளவத்தைக்கு என்ர வீட்டை வந்தா வடையை ஆசையாப் பார்ப்பாள். நான் எடுத்துக் குடுத்தா வாங்கமாட்டாள். 'வேண்டாம் மம்மி, அவருக்குச் சொல்லிப்போட்டன்' எண்டுவாள்."

"மாமி..."

"நீர் கதையாதேயும். இதை நான் பொலிசிட்டக் குடுப்பன். அவங்கள் பார்க்கட்டும்."

"குடுங்கோ," என்றான்.

அவள் அப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. பிறகு போத்தலைப் பத்திரிகைத்தாளில் சுற்றித் தன் கைப்பையில் வைத்து சிப்பை இழுத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கைப்பை அவள் மடியை விட்டு இறங்கவில்லை. செபமாலை சொல்லும்போதும் ஒரு கை அதன் மேல் இருந்தது.

வெள்ளி மத்தியானம் ருக்கியா வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். ருக்கியாவே பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். வழக்கமாக வாய் ஓயாத மனுசி. செலீனைக் குசினியில் முதலில் கண்டது அவள்தான். புதன்கிழமையிலிருந்து அவள் நோபேட்டோடு ஒரு சொல் பேசவில்லை. அதை அவன் கவனித்திருந்தான்.

வராந்தாவில் யேசுரட்ணம் அவனுக்கும் ஒரு கோப்பைச் சோற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் லிகிதராக இருந்தவர். செத்த வீட்டிலும் பகிடி விடுவார்.

"சாப்பிடும், மருமகன். சோனக வீட்டுப் பொரியல். கலத்துக்கு நல்லதோ கூடாதோ எண்டு பார்த்துச் சொல்லும். எனக்கு அறுபத்திநாலு. என்ர கலம் எல்லாம் எப்பவோ துருப்பிடிச்சிட்டுது."

நோபேட் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் இதெல்லாம் நல்லாச் சாப்பிடுவார்," என்றார் யேசுரட்ணம். "செலீன்ர தேப்பன். சவரம் செய்துகொண்டு நிண்டவர், கண்ணாடிக்கு முன்னால அப்பிடியே சரிஞ்சவர். முப்பத்தொன்பது வயசு."

"காய்ச்சலில செத்தவர் எண்டுதானே சொன்னனீங்கள்?"

யேசுரட்ணம் சோற்றைப் பிசைந்தார். முன் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"கலியாணம் பேசேக்க அண்ணி காய்ச்சல் எண்டு சொல்லுவம் எண்டவ. நெஞ்சு வருத்தம் எண்டா யார் பொம்பிளை எடுப்பான்? நானும் பேசாம இருந்திட்டன். மற்றப் பெட்டை ஒண்டு இருக்கு, மருமகன். செலீன்ர தங்கச்சிக்கு இப்ப பேசிக்கொண்டிருக்கினம். அதுதான் நேற்றும் அந்த ஆளிட்ட..." அவர் முடிக்கவில்லை. "உம்மட எண்ணெய் ஒண்டும் செய்யேல்லை. அதைத்தான் சொல்ல வந்தன்."

நோபேட் தலையை ஆட்டினான். ஏதாவது செய்யவேண்டும் போலிருந்ததால் ஒரு துண்டு கத்தரிக்காயை வாயில் வைத்தான்.

மெல்லவில்லை. நாக்கில் வைத்திருந்தான்.

ருக்கியா வீட்டில் எப்போதும் தேங்காயெண்ணெய்தான். அவள் கணவன் குருநாகலில் செக்கில் ஆட்டிக்கொண்டு வருவான். தொடர்மாடியின் இரண்டாம் தட்டு முழுவதும் அந்த வாசனை அடிக்கும். இந்தக் கத்தரிக்காயில் அது இல்லை. வேறொன்று இருந்தது. உப்புக்கும் மிளகாய்த்தூளுக்கும் அடியில், மிக லேசாக, வர்ணப்பூச்சு வாடை. மற்ற எவருக்கும் அது தெரியாது. அவனுக்கு அதுதான் சம்பளம் தரும் வேலை.

போத்தல் பாதிக்கும் குறைவாக இருந்தது நினைவுக்கு வந்தது. செலீன் விழுந்து கிடந்த குசினிக்குள் ருக்கியா தனியே நின்றிருக்கிறாள்.

கோப்பையை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். ருக்கியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். அவன் முகத்தைக் கண்டதும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, கத்தரிக்காய் எந்த எண்ணெயில பொரிச்சனீங்கள்?"

அவள் கண் நிறைந்தது.

"களவெடுக்கல்ல, தம்பி. அல்லாஹ்வுக்காக அப்பிடி நெனைக்க வாணாம். செலீன் புள்ள தான் தந்தது. ரெண்டு வருசமா."

"எதை?"

"ஒங்கட போத்தல்ல பாதி. மாசாமாசம். ஒங்களுக்கு ஆக்குறதுக்குப் பாதிய வெச்சிட்டு மத்தப் பாதிய இங்க கொணந்து ஊத்தும். காலைல அதுக்கு அளந்து வெச்சிட்டுப் போவீங்களே ஒரு கரண்டி, அதையும் திருப்பிப் போத்தல்லயே ஊத்திரும். எங்கட தேங்காயெண்ணெ ஒரு போத்தல் எடுத்திட்டுப் போகும். பகல் சோறு அனேகமா இங்க தான். மீன் பொரிச்சா வாசத்துக்கே ஓடி வந்திரும்."

நோபேட் உள்ளே பார்த்தான். சாப்பாட்டு மேசையில் நாலு கதிரைகள். எந்தக் கதிரை என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை.

"அண்டைக்கு அதப் பாக்கத்தான் நான் ஊட்டுக்குள்ள போனேன். பத்து மணியாகியும் வரல்ல எண்டு. உழுந்து கெடந்திச்சி. பொலிசு வரும் எண்டு பயந்து எங்கட தேங்காயெண்ணெப் போத்தல எடுத்திட்டு வந்திட்டேன். ஒங்களுக்குத் தெரியப்படாது எண்டு அது கெஞ்சிக் கேட்டது. மௌத்தான பொறகும் தெரியப்படாது தானே எண்டு..." முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். "தம்பி, எங்கட எண்ணெயாலயா இது?"

ஆம் என்பதற்கு அவனிடம் இரண்டு கட்டுரைகள் இருந்தன. இல்லை என்பதற்கும் இரண்டு இருந்தன.

"இல்லை, ராத்தா."

"மெய்யா?"

"தேப்பனுக்கும் இருந்த வருத்தம். பிறப்பில வந்தது."

அவள் மூச்சை விட்டாள். பிறகு இன்னொன்றைக் கேட்கத் தயங்கினாள்.

"இந்த மொற தந்த எண்ணெ கொஞ்சம் ஒரு மாதிரி மணக்குது. எங்கட புள்ளகளும் தின்டிச்சி. ஒண்டும் ஆகாதே?"

"ஒண்டும் ஆகாது. மிச்சத்தை ஊத்திடுங்கோ. இண்டைக்கே ஊத்திடுங்கோ."

"ஊத்திர்றேன். அடுத்த மாசம் நோம்பு எண்டு செலீன் புள்ளக்கிட்ட கூட ஒரு போத்தல் கேட்டிருந்தேன், ஆசைல. ஒங்கட எண்ணெல பொரிச்சா பலகாரம் வெள்ளையா வரும்."

அவன் திரும்பினான். இரண்டடி போய் நின்றான்.

"ராத்தா. அவ நல்லாச் சாப்பிடுவாவோ?"

"யாரு, செலீன் புள்ளயா?" ருக்கியா அழுதுகொண்டே சிரித்தாள். "என்ன கேள்வி, தம்பி. சட்டியத் தொடச்சிச் சாப்பிடும்."

மூன்று மணிக்குச் சுவாமி வந்து செபம் சொல்லி முடித்தார். மாதம்பிட்டி மயானத்துக்குப் போக வாகனம் கீழே நின்றது. பெட்டியின் மூடியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமி எழுந்து குறுக்கே நின்றாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"பொறுங்கோ. ஒரு விசயம் எனக்குத் தெரியவேணும்."

மூடியோடு வந்தவர்கள் நின்றார்கள்.

"தம்பி, நான் தாய். அந்த ஆளுக்குச் சொன்ன கதை எனக்கு வேண்டாம். 'கவனமாப் போட்டு வாங்கோ.' அப்பிடி என்ர பிள்ளை ஒருநாளும் சொல்லமாட்டாள். நான் வளர்த்தனான், எனக்குத் தெரியும். நெஞ்சு நோகுது எண்டு சொன்னவளோ? நீர் கேட்காமப் போனனீரோ? கடைசியா என்ன சொன்னவள்? எல்லாருக்கும் முன்னால சொல்லும்."

செலீனின் தங்கை பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். யேசுரட்ணம் நோபேட்டைப் பார்த்து, பார்க்கவேண்டாம் என்பதுபோல் கண்ணை எடுத்தார். வராந்தாவில் பெண்களுக்குப் பின்னால் ருக்கியா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முப்பத்தொன்பது வயதில் கண்ணாடிக்கு முன்னால் சரிந்த மனிதரைப் பற்றி அவன் இப்போது சொல்லலாம். ஒரு வசனம் போதும். மாமியின் கை பையிலிருந்து இறங்கிவிடும். அவன் செலீனின் தங்கையைப் பார்த்தான். இருபத்தாறு வயது. அக்காவைப் போலவே அவளுக்கும் நெற்றி சிறிது.

"விசாரணையில நான் சொன்னது பொய், மாமி," என்றான்.

யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"நெஞ்சு நோகுது எண்டு சொல்லேல்லை. நான் படியில இறங்கிக்கொண்டிருந்தனான். குசினி யன்னலால எட்டிப் பார்த்துக் கூப்பிட்டவ. எனக்கு ரெயிலுக்கு நேரமாச்சு. ஓம் எண்டுபோட்டு இறங்கிட்டன். எனக்கு அண்டைக்கு அது சந்தோசமா இருந்தது. றோட்டில போகேக்கையும் சந்தோசமாத்தான் போனனான்."

"என்ன சொன்னவள்?"

நோபேட் சாயம் பூசிய உதட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"'எண்ணெய் கெதியா முடியுது, இந்த முறை ரெண்டு போத்தலாக் கொண்டு வாங்கோ' எண்டவ."